கலிங்கத்தை மறக்காத சக்கரவர்த்தி

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராக நெல்லுக்கும் வாழைக்கும் நீர் வார்த்துக்கொண்டு போய், புன்னைக்காயலுக்கு அருகே கடலில் சேரும் ஆறு தாமிரபரணி. மொத்தம் எண்பது மைல் தூரந்தான் அதன் ஓட்டம். கங்கை, கோதாவரிகளுக்கு முன்னால் அது ஒரு சின்ன ஆறு. ஆயினும் அந்தப் பெயர், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வட இந்தியாவில் மலைப் பாறைகளின்மீது உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டச் சொன்னவர் அசோகச் சக்கரவர்த்தி. பெயர் வருகிற இடந்தான் விசேஷமானது. தாம் செய்த பெரிய பாவம் ஒன்றை உலகறிய ஒப்புக்கொண்டு அவர் எழுதிய அதே சாசனத்தில், சோழர், பாண்டியர் பெயர்களுக்கு அடுத்தாற்போல் அது வருகிறது.

பிராகிருத மொழியில் அது தம்பபண்ணி என்று எழுதப்பட்டிருக்கிறது. இலங்கைத் தீவுக்கும் முற்காலத்தில் அதே பெயர் உண்டு. ஆகவே அசோகர் சொன்னது தீவைத்தான் என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கட்சி. ஆற்றைத்தான் என்று வாதாடியவர்களும் உண்டு. நெல்லைச் சீமைக்காரர்கள் இந்த வழக்கில் மனம் தளர வேண்டியதில்லை. பாண்டியர் அந்த வரியிலேயே தனியாகக் குறிப்பிடப்படுகிறார்கள். முத்துக்குளித் துறையான கொற்கையும் தாமிரபரணிக் கரையும் அந்நாளில் பாண்டியர் பூமிதானே!

இளமையும் முடியும்

மகத நாட்டில் மௌரிய வம்சத்தை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர் அசோகர். தந்தை பிந்துசாரர். இளவரசராக இருந்தபோது உஜ்ஜயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்றும், விதிசா நகரத்து வணிகர் மகள் ஒருத்தியை அங்கே மணந்தார் என்றும் இலங்கையின் பழைய நூல்கள் கூறுகின்றன. அவள் வயிற்றில் பிறந்தவர்களே பின்னாளில் இலங்கைக்குச் சென்ற மகேந்திரரும் சங்கமித்திரையும்.

தந்தை இறந்ததும் தொண்ணூற்றொன்பது சகோதரர்களைக் கொன்று சிம்மாசனம் ஏறினார் என்றும் அதே நூல்கள் சொல்லும். வடநாட்டுப் பௌத்தக் கதைகளோ, அவர் ஒரு நரகத்தையே சிறைச்சாலையாகக் கட்டி மனிதர்களை வதைத்தார் என்கின்றன. சண்டாசோகன், அதாவது கொடிய அசோகன், என்று அவருக்குப் பட்டமும் சூட்டின. இவற்றை அப்படியே நம்புவதற்கில்லை. அவர் அரசேறிப் பல ஆண்டுகள் கழித்து வெட்டிய சாசனம் ஒன்றிலேயே சகோதர சகோதரிகளின் குடும்பங்கள் பேசப்படுகின்றன. பாவி எவ்வளவு பெரியவனோ அவ்வளவுக்கு அவனைத் திருத்திய தர்மத்தின் பெருமையும் உயரும் என்று கதை சொன்னவர்கள் நினைத்திருக்க வேண்டும். அரியணைக்குப் போட்டி இருந்தது என்று மட்டும் கொள்ளலாம். ஏறக்குறைய கி.மு. 268-ல் அவருக்கு முடிசூட்டு விழா நடந்தது.

கலிங்கம்

முடிசூடிய எட்டாம் ஆண்டில், கி.மு. 261-ஐ ஒட்டி, கலிங்கப் போர் மூண்டது. இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதியும் அதற்குத் தெற்கே ஆந்திரத்தின் வடகோடியும் சேர்ந்ததே அன்றைய கலிங்கம். கடல் வாணிபத்தில் கைதேர்ந்த நாடு. தெற்கே செல்லும் பாதை அதன் வழியாகப் போயிற்று. சுற்றிலும் மௌரிய ஆட்சி பரவியிருக்க, நடுவே அது மட்டும் தலைவணங்காமல் நின்றது. ஒரு சாம்ராஜ்யத்தின் கண்ணை உறுத்த இவ்வளவு போதாதா?

போரின் கதையைச் சொல்ல அன்றைய கவிஞர் எவரும் இல்லை. எதிர்த்து நின்ற கலிங்க மன்னனின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. கணக்கு ஒன்று மட்டுமே இருக்கிறது. அதையும் எழுதி வைத்தவர் வென்றவரேதான். போர்க்களத்தில் மாண்டவர்கள் ஒரு லட்சம். நாட்டை விட்டுப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் ஒன்றரை லட்சம். பின்னால் மடிந்தவர்கள் அதற்குப் பல மடங்கு. வெற்றி பெற்ற அரசர்கள் எத்தனை யானைகளைப் பிடித்தோம், எத்தனை கோட்டைகளை இடித்தோம் என்று கல்லில் வெட்டுவது உலக வழக்கம். இத்தனை பேரைக் கொன்றேன், அதற்காக வருந்துகிறேன் என்று வெட்டியவர் அவருக்கு முன்னும் பின்னும் அரிது.

எதை நினைத்து அவர் வருந்தினார் என்பது கவனிக்க வேண்டியது. செத்தவர்களோடு அவர் நிறுத்தவில்லை. தாங்கள் உயிர் தப்பியும், நண்பரையும் சுற்றத்தாரையும் வேலைக்காரரையும் இழந்து தவிப்பவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். பெற்றோரை மதித்து, பெரியோரைப் பணிந்து, ஒழுங்காக வாழ்ந்த குடும்பத்தார் அவர்கள். அவர்கள் உடம்பில் காயம் இல்லை. ஆனாலும் அவர்கள் பட்டதும் காயந்தான் என்று அந்த அரசர் கண்டுகொண்டார். அன்று அழிந்தவர்களில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அழிந்தாலும் இன்று தமக்கு அது பெரும் துயரம் என்றும் எழுதுவித்தார்.

ஓர் இரவில் நடந்ததா?

நாடகங்களிலும் சினிமாவிலும் பள்ளிப் பாடங்களிலும், போர் முடிந்த மாலையில் பிணக் குவியலுக்கு நடுவே அசோகர் வாளை வீசி எறிவார். மறுநாள் காலையில் பௌத்தராகிவிடுவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அசோகருடைய சொந்த வாக்குமூலம் அப்படி இல்லை. கர்நாடகத்தின் பிரம்மகிரி முதலிய இடங்களில் உள்ள சிறு பாறைச் சாசனத்தில், தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதென்றும், முதல் ஓராண்டு பெரிதாக ஒரு முயற்சியும் செய்யவில்லை என்றும், பிறகு சங்கத்தை அணுகிய ஓராண்டுக்கு மேலாகத்தான் ஊக்கத்தோடு இருப்பதாகவும் அவர் சொல்கிறார். அதாவது, மனத்தில் தைத்த முள்ளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கிறார். சக்கரவர்த்தியானாலும் மனித சுபாவம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் பௌத்தம் அவருக்கு என்ன கொடுத்தது என்று பார்க்க வேண்டும். செய்த தவற்றை நினைத்து நினைத்து மனம் புழுங்குவதற்குப் பாலி மொழியில் குக்குச்சம் என்று பெயர். செய்யத் தகாததைச் செய்தோமே என்ற புழுக்கமும், செய்யத் தக்கதைச் செய்யாமல் விட்டோமே என்ற புழுக்கமும் இரண்டும் அதில் அடங்கும். ஆச்சரியம் என்னவென்றால், புத்தர் பெருமான் இதைப் புண்ணியத்தில் சேர்க்கவில்லை; மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளில் ஒன்றாகவே வைத்தார். காற்றடித்து அலை புரளும் தண்ணீரில் முகம் தெரியாது என்பது அதற்குச் சொன்ன உவமை. ஆடிக் காற்றில் தாமிரபரணிப் படித்துறையில் குனிந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொரு உவமையும் உண்டு. ஒருவன்மேல் அம்பு தைக்கிறது; வலிக்கிறது. அந்த வலியை எண்ணி அழுது அரற்றி, தானே இரண்டாவது அம்பையும் தனக்குள் ஏற்றிக்கொள்கிறான். முதல் அம்பு ஞானிக்கும் தைக்கும். இரண்டாவது அவனுக்குத் தைப்பதில்லை.

அப்படியானால் கொலை செய்தவன் மறந்துவிட்டுச் சுகமாக இருக்கலாம் என்று அர்த்தமா? கிராமத் தலைவன் ஒருவனுக்குப் புத்தர் செய்த உபதேசத்தில் இதற்கு விடை இருக்கிறது. நான் செய்தது நல்லதல்ல என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு அழுதாலும் செய்தது செய்யாததாகி விடாது என்பதையும் உணர வேண்டும். ஆகவே இனிச் செய்வதில்லை என்று அதை விட்டு, எல்லாத் திசைகளிலும் எல்லா உயிர்கள் மேலும் அன்பைப் பரப்ப வேண்டும். நினைவை அழிக்கச் சொல்லவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுக்கச் சொன்னார்.

ராகுலனுக்குச் சொன்ன பாடம்

அசோகருக்கு இந்த உபதேசங்கள் தெரிந்திருந்தனவா என்ற கேள்வி எழலாம். ராஜஸ்தானத்தில் பைராட் என்ற இடத்தில் கிடைத்து, கல்கத்தா ஆசியக் கழகத்தில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு கல் இதற்குப் பதில் சொல்கிறது. அதில் அவர், பிக்ஷுக்களும் பிக்ஷுணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டிய நூல்கள் என்று ஏழின் பெயரைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று, பொய்யைப் பற்றிப் புத்தர் ராகுலனுக்குச் செய்த உபதேசம்.

ராகுலன் புத்தருடைய சொந்த மகன். சிறுவனாக இருந்தபோதே சங்கத்தில் சேர்ந்தவன். கால் கழுவும் பாத்திரத்தில் சிறிது தண்ணீரை மீதி வைத்து, பிறகு அதையும் கொட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டி அவனுக்குப் பாடம் நடக்கிறது. அடுத்து, கண்ணாடி எதற்காக என்று கேள்வி. பார்ப்பதற்கு என்கிறான் பிள்ளை. அதுபோல் ஒவ்வொரு செயலையும் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறார் தந்தை. செய்த பிறகு அது பிறருக்குத் தீங்கு என்று தெரிந்தால் என்ன செய்வது? மூடி வைக்கக் கூடாது. ஆசானிடமோ அறிவுள்ள தோழர்களிடமோ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மேற்கொண்டு தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த உபதேசத்தைப் படித்த கண்ணோடு பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தைப் படித்தால் அதன் அமைப்பு நன்றாக விளங்கும். செயல், அதன் கணக்கு, அதனால் பிறர் அடைந்த துன்பம், பகிரங்க ஒப்புதல், இனி ஆயுத வெற்றி வேண்டாம் என்ற உறுதி, பிள்ளைகளும் பேரர்களும் புது நாடுகளைப் பிடிக்க எண்ண வேண்டாம் என்ற வேண்டுகோள் எல்லாம் வரிசையாக வருகின்றன. குருவின் காதோடு சொல்ல வேண்டியதைக் குஜராத்தின் கிர்னார் முதல் இன்று பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கடி வரை பாறைகளில் வெட்டி வைத்தார். தமிழ் நாட்டுக்குப் பக்கத்தில், ஆந்திரத்தின் எர்ரகுடியிலும் அது இருக்கிறது.

பொதிகைக்கு மூலிகை

மாறிய அரசர் செய்த காரியங்கள் பல. அரண்மனை மடைப்பள்ளியில் தினமும் ஆயிரக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டு வந்தன. அது இரண்டு மயில், ஒரு மான் என்று குறைந்தது. மானும் எந்நாளும் இல்லையாம். இவற்றையும் நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். ஒரேயடியாக நிறுத்திவிட்டேன் என்று பெருமை பேசாமல், மயிலையும் மானையும் கணக்கில் காட்டியிருப்பதே அவர் சொல்வதை நம்பச் செய்கிறது. வேட்டைப் பயணம் போய்த் தர்ம யாத்திரை வந்தது. பத்தாம் ஆட்சியாண்டில் புத்தகயைக்குச் சென்று போதி மரத்தைத் தரிசித்தார். சாலையோரம் ஆல மரமும் மாந்தோப்பும் வைத்தார், கிணறுகள் வெட்டினார். சாப்பிடும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும் குடிகளின் காரியம் தம்மிடம் வரலாம் என்று உத்தரவிட்டார். எவ்வளவு உழைத்தும் தமக்குத் திருப்தி உண்டாவதில்லை என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். தூக்கம் வராத மனிதர் ஒருவரின் குரல் அதில் கேட்கிறது.

இரண்டாம் சாசனத்தில் மறுபடி தம்பபண்ணி வருகிறது. சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திர நாடுகளிலும் தம்பபண்ணி வரையிலும், மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்திய வசதி ஏற்படுத்தியதாகவும், மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்கு அவற்றை அனுப்பி நடச் செய்ததாகவும் அது கூறுகிறது. அகத்தியர் மலைக்கு மூலிகை அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான்! இருந்தாலும் படையை அனுப்பக்கூடிய பலம் உள்ளவர் மருந்தை அனுப்ப நினைத்தாரே, அது பெரிது. மௌரியர் தேர்ப்படை தென்னாட்டின் பக்கம் வந்ததைச் சங்கப் புலவர் மாமூலனார் அறிந்திருந்தார். கொற்கைப் பக்கத்து முத்தின் அருமையும் பாடலிபுத்திரத்துக்குத் தெரியும். கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தில் முத்து வகைகளைச் சொல்லும் பட்டியலிலேயே தாமிரபரணி முத்து இருக்கிறது. ஆசைப்படக் காரணம் இருந்தது. கலிங்கத்துக்குப் பிறகு அந்த ஆசை எழவில்லை.

கலிங்கத்தில் மட்டும் மௌனம்

இனிச் சொல்லப் போவது அசோகரைப் போற்றுகிறவர்களுக்குச் சிறிது சங்கடமான விஷயம்.

கலிங்க நாட்டிலேயே இரண்டு இடங்களில் அவருடைய பாறைச் சாசனங்கள் இருக்கின்றன. புவனேசுவரத்துக்கு அருகே, தயா நதிப் பக்கத்தில் தௌலி ஒன்று. கஞ்சம் மாவட்டத்து ஜௌகடா மற்றொன்று. தௌலியில் எழுத்துக்கு மேலே பாறையிலிருந்து ஒரு யானை பாதி உடம்போடு வெளியே வருவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள்; மிக அழகானது. ஆனால் பதின்மூன்றாம் சாசனம் அந்த இரண்டு இடங்களிலும் இல்லை. ஆப்கானிஸ்தானத்துக் கந்தகாரில் கிரேக்க மொழியில்கூடக் கிடைத்திருக்கும் அந்த ஒப்புதல், எந்த மக்களுக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர்கள் கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை.

ஏன்? ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்ற இரக்கம் என்பார் ஒருசாரார். தோற்ற நாட்டில் பழைய கணக்கைப் படித்துக் காட்டினால் கலகம் பிறக்கும் என்ற ராஜதந்திரம் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் கலந்தே இருந்திருக்கும். கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பிடித்துச் சென்ற ஒன்றரை லட்சம் பேரை ஊருக்கு அனுப்பியதாக ஒரு சாசனத்திலும் சொல் இல்லை. காட்டு மக்களுக்கு, தாம் வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தம்மிடம் உண்டு என்று எச்சரிக்கை விடுத்தார். மரண தண்டனையையும் ஒழிக்கவில்லை. தண்டனை பெற்றவனுக்கு மூன்று நாள் அவகாசம் மட்டும் கொடுத்தார்.

ஆனால் கலிங்கத்துப் பாறைகள் வெறுமையாகவும் விடப்படவில்லை. அந்த இடத்தில் வேறு இரண்டு சாசனங்கள், அங்கே ஆண்ட அதிகாரிகளுக்கென்றே எழுதப்பட்டவை, வெட்டப்பட்டன. எல்லா மக்களும் தம் பிள்ளைகள் என்கிறார். காரணமில்லாமல் எவனையும் சிறையில் அடைக்கவோ வதைக்கவோ கூடாது. பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல் இவற்றோடு நியாயம் விசாரிக்கக் கூடாது. இதைக் கண்காணிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாந்த குணமுள்ள அதிகாரி சுற்றுப் பயணம் வருவார் என்கிறார். எல்லைப்புறத்து மக்கள் தம்மைக் கண்டு அஞ்ச வேண்டாம். தம்மிடமிருந்து துன்பம் வராது என்கிறார். பூச நட்சத்திர நாட்களில் இதை எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். இடையில் ஒரே ஓர் ஆள் கேட்க வந்தாலும் படிக்க வேண்டும் என்பது உத்தரவு. உறவினரைப் பறிகொடுத்த கலிங்கத்துக் கிழவன் ஒருவன் வந்து நின்று கேட்டிருந்தால், அவன் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்? அதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

கடைசி நாட்கள்

அசோகருடைய முதுமையைப் பற்றிச் சாசனங்கள் ஒன்றும் கூறவில்லை. கதைகளே உள்ளன. இளைய ராணி திஷ்யரக்ஷிதையின் சூழ்ச்சியால் அருமை மகன் குணாளன் கண்ணிழந்தான். கையில் வீணையோடு தகப்பன் அரண்மனை வாசலுக்கே பாடி வந்தான் என்பது ஒன்று. மற்றொன்று நெல்லிக்கனிக் கதை. தானத்தில் கஜானா காலியாகிவிடும் என்று அஞ்சிய மந்திரிகள் பேரனைக் கொண்டு சக்கரவர்த்தியின் கையைக் கட்டினார்கள். பொன் தட்டு, வெள்ளித் தட்டு, மண் தட்டு என்று அவர் உண்ணும் கலமும் இறங்கி வந்தது. கடைசியில் அவர் கையில் இருந்தது பாதி நெல்லிக்கனி. அதையும் குக்குடாராம விகாரத்துக்கு அனுப்பினார். பிக்ஷுக்கள் அதை அரைத்துக் கஞ்சியில் கலந்து எல்லோருமாகக் குடித்தார்கள். கி.மு. 232-ஐ ஒட்டி அவர் காலமானார். அரை நூற்றாண்டுக்குள் மௌரிய ஆட்சியே முடிந்தது. பின்பு கலிங்கம் தலை நிமிர்ந்தது. தௌலிக்குச் சில மைல் தூரத்தில் உதயகிரிக் குகையில், பாண்டிய மன்னனிடமிருந்து முத்துக்களைக் கொண்டுவந்ததாகக் கலிங்க வேந்தன் காரவேலன் வெட்டி வைத்திருக்கிறான்.

ஒரு விந்தை பாருங்கள். அசோகரை வானளாவப் புகழும் இலங்கை நூல்களிலும், வடநாட்டு அசோகாவதானத்திலும், கலிங்கப் போரைப் பற்றி ஒரு வரி கிடையாது. கலிங்கத்தாரும் அதை எழுதி வைக்கவில்லை. பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் மறைந்தார்கள். 1837-ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் அந்த எழுத்தின் மர்மத்தைத் திறந்தபோது, பிரியதர்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் அரசனின் குரல் கேட்டது. அந்தப் பிரியதர்சி அசோகரேதான் என்பதை, 1915-ல் மஸ்கியில் கிடைத்த கல் ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. கொலைக் கணக்கை அவரே எழுதாமல் விட்டிருந்தால், அந்த ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்பதே இன்று யாருக்கும் தெரிந்திராது.

தாமிரபரணிச் சீமையிலும் பிராமி எழுத்து உண்டு. திருநெல்வேலிக்கு அருகே மருகால்தலைக் குன்றில், முனிவர்களுக்காகக் காசிபன் என்பவன் கற்படுக்கை செய்து கொடுத்த செய்தி அந்த எழுத்தில் இருக்கிறது. இத்தகைய படுக்கைகளைச் சமண முனிவர்களுக்கு உரியவை என்பார்கள்.

பௌத்தத் தடயத்துக்குச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கிடம் போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி வரை வந்த அவர், அதற்குத் தெற்கே உள்ள மலகூட நாட்டைப் பற்றியும் மலய மலையைப் பற்றியும் கேட்டறிந்து எழுதினார். அந்நாட்டுத் தலைநகருக்குக் கிழக்கே, மகேந்திரர் கட்டியது என்று சொல்லப்பட்ட ஒரு பழைய விகாரம் புதர் மண்டி, அஸ்திவாரம் மட்டும் தெரியக் கிடந்ததாம். அதன் பக்கத்தில் அசோகர் கட்டிய ஸ்தூபி ஒன்று மண்ணில் புதைந்து, உச்சி மட்டும் வெளியே தெரிந்து கொண்டிருந்ததாம்.